எனக்குத் தெரிந்தவரை இல்லை

ஜனவரி 9

என் செல்லப் பட்டனுக்கு,

முந்தாநாள் மூன்று டாக்டர்களுக்கு முன்னால் என் கால்சட்டை அவிழ்ந்து முழங்காலுக்கு இறங்கிவிட்டது. வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மெடிக்கல் போர்டில் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் பழைய பழக்கம் விடுமா? குதிகால்களைச் சேர்த்து, வயிற்றை எக்கி, விறைப்பாக நின்றேன். எக்கியதுதான் தப்பு. அது பழைய இடுப்புக்கு நானே தைத்த கால்சட்டை. இந்த வியாதியில் இடுப்பு பாதியாகிவிட்டதை மறந்துவிட்டேன். சல்யூட்டுக்குக் கை மேலே போக, கால்சட்டை கீழே வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பட்டாளத்துல என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "தையற்காரன் மேடம்" என்றேன். இரண்டு பக்கமும் இருந்த டாக்டர்கள் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

விவரமாக ஒன்றும் சொல்வதில்லை என்று போனில் கோபித்துக்கொண்டாய். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன், நீங்க?" "ஆச்சு." அத்தோடு இரண்டு பேரும் ஊமையாகிவிடுகிறோம். எழுதுவதுதான் நமக்கு ஒத்துவருகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எனக்கு அது அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். நம் வம்சத்திலேயே அளவுக்கு மீறி வேலை செய்த முதல் உறுப்பு அதுதான். அது ஓடுகிற ஓட்டத்தில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எல்லோரும் போர்வை தேடும்போது எனக்கு வேர்க்கும், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. போன வருடம்தான் வியாதிக்குப் பெயர் தெரிந்தது. ஆனால் பட்டாளத்தில் கடைசி வருடங்களிலேயே எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. அதனால்தான் தையல் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கண்ணில் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி மேல் கண்ணாடியாக மாற்றினேன். கோளாறு கழுத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

இந்த வியாதி வேலையில் இருக்கும்போது வேலையால் வந்தது என்று போர்டு ஒப்புக்கொண்டு, இத்தனை சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மாத உதவித்தொகை. உன் அம்மாவின் கடைசி வைத்தியத்துக்கு வாங்கிய கடன் அதிலேயே ஓடிவிடும். அப்புறம் நீ கடல் தாண்டி அந்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? இதை நினைத்துத்தான் அந்த வாசலில் நிற்கிறேன். இல்லாவிட்டால் கை கால் போனவர்களுக்கு நடுவில் போய் உட்கார எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காத்திருக்கும் கூடத்தில் ஒரு வேடிக்கை. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, சதவீதம்தான் பெயர். "ஐம்பது வந்தாச்சா?" "எழுபது டீ குடிக்கப் போயிருக்கார்." நம் பக்கத்துத் தெருவில் இருக்கிற பட்டாளத்து லாரி டிரைவர், ஒரு கால் இல்லாதவர், அவர்தான் எண்பது. அங்கே அவருக்குத் தனி மரியாதை. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"உனக்கு என்னய்யா?"

"கழுத்து."

"கழுத்துதான் இருக்கே!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. "நீ இன்னும் பேர் வைக்காத குழந்தை" என்று சொல்லித் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

போர்டு இன்னும் முடிவு சொல்லவில்லை. சில தாள்கள் கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் பதினெட்டு மறுபடி வரச் சொன்னார்கள். புது பெல்ட் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
இடுப்பில்லாத உன் அப்பா

பி.கு.: நலம் என்று எழுதவில்லை, கவனித்தாயா? போர்டு முடிகிறவரை அந்த வார்த்தையை வெளியே விடக் கூடாது என்பது எண்பதின் உத்தரவு. உன் நலத்தையாவது முழுசாக எழுது.


ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். கால்சட்டை இறங்கிய இடத்தில் வாயில் இருந்தது வெளியே வந்துவிட்டது. என்ன என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் பாஷையில் சொல்லிப் பார்த்தேன், பாதிதான் வந்தது. பாதிக்கே அப்படிச் சிரித்தார்கள். "உன் அப்பாவை இங்கே வரச் சொல்" என்கிறாள் மேற்பார்வைக்காரம்மா.

நான் இப்போது குளிர் அறைக்கு மாறிவிட்டேன். மீனையும் பட்டாணியையும் உறையவைத்து அடுக்கும் இடம். யாரும் அங்கே போக விரும்ப மாட்டார்கள், முறைபோட்டு அழுதுகொண்டே போவார்கள். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே பெட்டி கட்டும் இடத்தில் எனக்குப் புழுக்கமாக இருக்கிறது. மற்றவர்கள் இரண்டு கோட்டு, மூன்று ஜோடிக் கையுறை என்று பொம்மை மாதிரி வருவார்கள். நான் ஒரே கோட்டு, அதுவும் பட்டன் போடாமல். எனக்கு "அடுப்பு" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர் தாங்காதபோது என் கையைப் பிடித்துக்கொள்ள வருவார்கள். பட்டன் போய் அடுப்பாகிவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இரண்டு தட்டு சாப்பிடுகிறேன். நீங்கள் தைத்துக் கொடுத்த அந்த நீலச் சட்டை மட்டும் தொளதொள என்று இருக்கிறது. அளவு எடுக்கும்போது வேண்டுமென்றே தாராளமாக வெட்டினீர்களா? "வளர்ற பொண்ணு" என்று இன்னுமா சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். "போட்டேன்" என்று சொல்வது போட்டதாகாது.

ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புதிதாகப் போடுகிறாயா என்று கேட்டார்கள். அப்பாவின் போர்டு முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். போர்டு என்றால் என்ன என்று கேட்டாள் மேற்பார்வைக்காரம்மா. என்னை வீட்டுக்கு அனுப்புகிற ஆட்கள் என்றேன்.

உங்கள்,
பட்டன்


பிப்ரவரி 10

பட்டன்,

சட்டை விஷயத்தில் என் தொழிலையே சந்தேகப்பட்டுவிட்டாய். அது உன் அளவுக்குக் கச்சிதமாக வெட்டியது. தையல் ஒரு நூல் பிசகியிருந்தால் என்னைக் கேள். இரண்டு தட்டு சாப்பிடுகிறவளுக்கு எப்படித் தொளதொள ஆகும்? சரியாகச் சாப்பிடு.

இங்கே வேலை மும்முரம். ஸ்டோருக்கு என்னை மாற்றிய பழைய பிரிவுத் தலைவரைத் தேடிப் பிடித்துவிட்டேன். பேரப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "டேய், என் தோள்பட்டைப் பட்டையைக் கோணலாத் தைச்சு அணிவகுப்புல மானத்தை வாங்கினவன்தானே நீ!" என்றார். "அதேதான் சார். அந்தக் கோணலுக்குத்தான் சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றேன். கை நடுங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக உடனே எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் நான் கோணலாகத் தைத்தது ஒன்றே ஒன்று, அது இப்போது கைகொடுக்கிறது.

எண்பது தினமும் ஒரு யோசனை சொல்கிறார். "மாத்திரை போட்டா கை நிக்கும். கை நின்னா சதவீதம் நிக்காது. போர்டுக்கு முன்னாடி மாத்திரையை நிறுத்துய்யா" என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நிறுத்திப் பார்த்தேன். நாலாம் நாள் மாடிப்படி ஏறி வருவதற்குள் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பாதிப் படியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே சைக்கிள் கடைக்காரன் "என்ன அண்ணே, இங்கயே குடித்தனமா?" என்று கேட்கும்வரை எழுந்திருக்க முடியவில்லை. டாக்டரிடம் போனேன். திட்டினார் பார், அப்படி ஒரு திட்டு எனக்குப் பட்டாளத்திலேயே விழுந்ததில்லை. இந்த வியாதியைக் கவனிக்காமல் விட்டால் மற்றதெல்லாம் சும்மா, இதயத்தைத்தான் முதலில் கெடுக்கும் என்றார். பெரிய டாக்டர், கோபத்தில் அவருக்கே கை நடுங்கியது. இப்போது வேளைக்கு மாத்திரை போடுகிறேன். போட்டேன் என்றால் போட்டேன்தான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ரத்த சம்பந்தமுள்ளவர் எழுதிக் கொடுக்க வேண்டிய உறுதிமொழி. குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வியாதி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இருந்தால் அது பரம்பரை உடல்வாகு, பட்டாளத்தின் பொறுப்பில்லை என்று கையைக் கழுவிவிடுவார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, ரத்த சம்பந்தம் என்று மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். "எனக்குத் தெரிந்தவரை இல்லை" என்று அச்சடித்தே இருக்கிறது. கீழே உன் கையெழுத்து போதும். வெறும் சம்பிரதாயம்தான்.

இப்படிக்கு,
திட்டு வாங்கித் திருந்திய அப்பா


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை யாருக்கும் இல்லை. அது உண்மைதான்.

மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று படித்ததும் உங்கள் மேல் வந்த கோபத்தில் மூன்று பெட்டி மீனைத் தப்பான இடத்தில் அடுக்கிவிட்டேன். எண்பது மாமாவிடம் சொல்லுங்கள், நான் வந்ததும் அவருக்கு இருக்கிறது.

அப்பா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்னோடு வேலை செய்கிற தோழி ஒருத்திக்கும் உங்களை மாதிரியே கொஞ்சம் படபடப்பு இருக்கிறது. உங்களுக்குப் படபடப்பு படி ஏறும்போது மட்டும்தான் வந்ததா, சும்மா உட்கார்ந்திருந்தாலும் வருமா? தானாகக் குறையுமா? ஒரு இரண்டு மாதம் பொறுத்துப் பிறகு டாக்டரிடம் காட்டினால் போதுமா? அவளுக்கு இப்போது லீவு கிடைக்காது. உங்களுக்கு அனுபவம் இருப்பதால் கேட்கிறேன்.

கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் மன்னித்துவிடுங்கள். குளிர் அறையிலிருந்து நேராக வந்து எழுதுகிறேன், விரல் விறைத்திருக்கிறது.

ஒப்பந்தத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் உங்கள் மிஷினைப் போட்டிருந்தீர்களே, அங்கேயேதான் இருக்கிறதா? நகர்த்தாதீர்கள்.

உங்கள்,
பட்டன்


மார்ச் 13

என் கண்ணே,

மிஷின் அங்கேயேதான் இருக்கிறது.

உன் கடிதத்தை எண்பதிடம் படித்துக் காட்டினேன், "எனக்கு இருக்குன்னு எழுதியிருக்காளா? வரட்டும் வரட்டும்" என்று சிரித்தார். உன் தோழி விஷயம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "யோவ், பொண்ணு தோழியைப் பத்தியா கேக்குது?" என்றார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கும் அதே சந்தேகம். அதை மறைக்கத்தான் சத்தமாகப் படித்தேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். எல்லோரும் நடுங்கும் அறையில் பட்டன் போடாத கோட்டு. இரண்டு தட்டு சாப்பாடு. தொளதொளத்த சட்டை. முதல் தடவை படிக்கும்போது, என் மகள் எவ்வளவு தமாஷாக எழுதுகிறாள் என்று மெச்சிக்கொண்டேன். மடையன். இந்த வியாதியோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவனுக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

விரல் விறைத்திருக்கிறது என்றாய். அடுப்புக்கு விரல் விறைக்குமா?

சரி, உன் தோழிக்கே பதில் சொல்கிறேன். கையை நேராக நீட்டி, விரல்களை விரித்து, மேலே ஒரு மெல்லிய தாளை வைக்கச் சொல். போர்டில் எனக்கு அப்படித்தான் பார்த்தார்கள். தாள் படபடத்தால் இரண்டு மாதம் இல்லை, இரண்டு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு அடித்தால் அன்றைக்கே போக வேண்டும். இது பெரிய வியாதி இல்லை, மாத்திரையில் அடங்குகிற வியாதி. அடக்காமல் விட்டால்தான் பெரிய வியாதி.

பட்டன், தாளை வைத்துப் பார்த்தாயா? எனக்கு நேராகப் பதில் எழுது.

அப்பா


மார்ச் 28

அப்பா,

வைத்துப் பார்த்தேன். விழுந்துவிட்டது.

நான் டாக்டரிடம் போகவில்லை. கம்பெனி டாக்டர் இருக்கிறார், காசு கேட்க மாட்டார். போன மாதம் பெட்டி தூக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன், மேற்பார்வைக்காரம்மா கையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனால் ரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்தத் தாளில் நான் எழுதியது என்ன ஆவது? கையெழுத்து தையல் மாதிரி, அப்புறம் பிரித்தாலும் ஓட்டை தெரியும் என்று சொல்லி வளர்த்தது நீங்கள்தானே? நான் பொய் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தவரை இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

திட்டாதீர்கள். ஏப்ரல் பதினெட்டு முடியட்டும். மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.

உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டில், போர்வை, வெந்நீர் எல்லாம் இருக்கிறது. நல்ல மனுஷர்கள். ஆனால் சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், யாருடைய வீட்டிலோ சொல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் உங்கள் மிஷின் சத்தத்தில் எழுந்திருக்க வேண்டும். "இன்னும் என்ன தூக்கம், ராஜகுமாரி?" என்று நீங்கள் கேட்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியிலிருந்து வருமே அந்த ஈரத்துணி வாசனை, அது வேண்டும். சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கிற சத்தத்தை எரிச்சலோடு கேட்க வேண்டும். இதற்கெல்லாம் உங்கள் போர்டு ஒரு எண் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த எண்ணை நான் கெடுக்க மாட்டேன்.

உங்கள்,
பட்டன்


ஏப்ரல் 8

பட்டன்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே போன் செய்தேன். "போம்மா, இன்னிக்கே போ" என்றேன். "சரிப்பா" என்றாய். உன் சரிப்பா எனக்குத் தெரியாதா? பாலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து "குடிச்சிட்டேன்பா" என்பாயே, அதே குரல். மூச்சு வேறு வாங்கியது. "ஓடி வந்து எடுத்தேன்" என்றாய். போன் உன் தலைமாட்டில்தானே இருக்கிறது?

பத்து நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்குக் காலையில் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அப்பா சொல்கிறேன், போ. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் போர்டே முடிந்திருக்கும் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், வேறு எதைச் செய்வது என்று தெரியவில்லை.

அப்பா


ஏப்ரல் 20

என் செல்லப் பட்டனுக்கு,

முந்தாநாள் போனில் சொன்னது பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

காலையில் எண்பது என்னைக் கூட்டிப்போக வந்தார். ஃபைலைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். பிரிவுத் தலைவர் எழுதிக் கொடுத்தது, ஸ்டோருக்கு மாற்றிய உத்தரவு, உன் தாள். "எல்லாம் பக்கா. இன்னிக்கு உனக்குப் பேர் வெச்சுடுவாங்க" என்றார். கூடத்தில் எல்லோரிடமும் அதையே சொன்னார்.

உள்ளே அதே மூன்று பேர். டாக்டரம்மா என் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார். கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிரிவுத் தலைவர் எழுதியதைப் படித்துத் தலையாட்டினார். "வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்சிருக்கு, தெளிவா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது என் காதிலேயே விழுந்தது. அப்புறம் கை நீட்டினார்.

"குடும்பத்தார் உறுதிமொழி?"

"இருக்கு மேடம்."

"குடுங்க."

"குடுக்கப் போறதில்லை மேடம்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். என்னய்யா இது என்பதுபோல ஓரத்தில் இருந்தவர் பார்த்தார். நான் உன் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என் பொண்ணு பொய் எழுதலை மேடம். அவளுக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும். அவளுக்கும் இருக்கு."

"டாக்டர் யாராவது பாத்துச் சொன்னாங்களா?"

"இல்லை. நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் பாக்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. பாத்தா இந்தத் தாள் பொய்யாப் போயிடுமாம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் எழுதினா அப்புறம் மாத்த முடியாது. பரம்பரைன்னு ஆயிடும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம். சீக்கிரம் எழுதுங்க. எழுதினாத்தான் அவ டாக்டர்கிட்ட போவா."

அந்த அம்மா நல்ல மனுஷி. பேனாவை எடுக்காமலே, "எத்தனை வயசு பொண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். "வெயில்ல நிக்க விடாதீங்க" என்றார். நீ நிற்கிற இடத்தைச் சொன்னால் சிரிப்பார், சொல்லவில்லை. அப்புறம் எழுதினார்.

முப்பது சதவீதம். காரணம், பரம்பரை உடல்வாகு. வேலையால் வந்ததல்ல. ஆகவே உதவித்தொகை கிடையாது, எண் மட்டும் உண்டு. பெயர் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார வைக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து எண்பதிடம் சொன்னேன். ஊன்றுகோலைத் தரையில் குத்தினார். "ஏன்யா, வாயை மூடிக்கிட்டு வந்திருந்தா என்ன? நாளைக்கு அவ டாக்டர்கிட்ட போயிருப்பா இல்ல?" என்றார். "கழுத்துல கோளாறு, வாய் தானா திறந்துக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உனக்குத் தெரிந்த அன்றைக்கே உன் கையெழுத்தில் ஓட்டை விழுந்திருக்கும், அந்த ஓட்டை வழியாக வருகிற காசு எனக்கு வேண்டாம். பஸ்ஸில் ஏறிய பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நேத்து ராத்திரி அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?" அவரே கேட்டுவிட்டு அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது, "பாத்து இறங்குங்க, முப்பது" என்றார். வாங்க போங்க என்று மரியாதை எல்லாம் வந்துவிட்டது.

நேராக வந்து உனக்குப் போன் செய்தேன். நீ அழுததும் கோபித்ததும் எல்லாம் சரி. "உங்களை யாருப்பா கேட்டா?" என்றாய். அவர்கள்தான் கேட்டார்கள் என்றேன். நேற்று நீ திரும்பக் கூப்பிட்டு, போய்விட்டு வந்தேன், ரத்தம் எடுத்திருக்கிறார்கள், மாத்திரை கொடுத்துவிட்டார்கள், குளிர் அறைக்குப் போகக் கூடாது, பெட்டி தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். இந்தத் தடவை நெஞ்சு அடித்ததால் இல்லை, சும்மாதான்.

மாத்திரை ஆரம்பத்தில் வேலை செய்கிற மாதிரியே தெரியாது. சில வாரம் ஆகும். விட்டுவிடாதே. தொண்டை வலி, காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல், என் டாக்டர் எனக்குச் சொன்னது இது. உடம்பு தேறினால் அந்த நீலச் சட்டை பழையபடி பிடிக்கும். பிடிக்காவிட்டால் தையற்காரன்மேல் பழி போடாதே.

பிரிவுத் தலைவருக்கும் நன்றி எழுதிவிட்டேன். தோள்பட்டைப் பட்டை இருந்தால் அனுப்புங்கள், இப்போது நேராகத் தைத்துத் தருகிறேன் என்று.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நேற்றுப் போனில் கடைசியாகக் கேட்டாய், "அப்ப நான் ஒப்பந்தம் போட்டுடட்டுமாப்பா? இன்னும் ரெண்டு வருஷம்?" என்று. "போடும்மா. வைத்தியம் அங்க நல்லா பாப்பாங்க. நிதானமா வா, இங்க என்ன அவசரம்?" என்றேன். நீ "சாப்பிட்டீங்களா?" என்றாய். "ஆச்சு" என்றேன். வைத்துவிட்டாய்.

வாயால் சொல்ல வரவில்லை.

அவசரம்தான்மா.